கிளாரினெட் பொய் சொல்லாது

கேள்வி:

பத்து வருடமாக வீணை கற்கிறேன். மேற்கத்திய இசையில் எனக்குப் பழக்கம் குறைவு. சென்ற மாதம் என் மகன் 'லார்ப்பெஜ்ஜாத்தா' என்ற ஐரோப்பியக் குழுவின் 'லா தாரந்தெல்லா' தொகுப்பைப் போட்டுக் காட்டினான். நானூறு வருடத்துக்கு முந்தைய இத்தாலிய இசை என்றான். எனக்கோ திருவிழாக் கூட்டத்தில் நிற்பதுபோல் இருந்தது. ஒரு பெண் வயல்வெளியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கூப்பிடுவதுபோல் பாடுகிறாள். கஞ்சிரா மாதிரி ஏதோ ஒன்று விடாமல் ஒலிக்கிறது. தந்திக் கருவிகள் தம் போக்கில் மனோதர்மம் வாசிக்கின்றன. இதே குழுவின் இன்னொரு தொகுப்பில் கிளாரினெட்கூட வருகிறது!

என் சந்தேகங்கள் மூன்று. இது உண்மையிலேயே பழைய இசையா, பழசு மாதிரி செய்ததா? ஆராய்ச்சி செய்து, அந்தக் காலத்தில் வாசித்தபடி வாசிக்கிறோம் என்பவர்கள் ஏன் நாட்டுப்புறக் கலைஞர்களை மேடைக்கு அழைக்கிறார்கள்? என்னைப் போன்றவர்கள் இதை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

— வாசகி, திருச்சி

பதில்:

முதல் சந்தேகத்துக்குச் சுருக்கமான விடை: மெட்டு பழையது. தாளக்கட்டு பழையதாக இருக்கக்கூடும். மனோதர்மம் ஒலிப்பதிவு செய்த அன்றையது. மூன்றும் ஒன்றாகக் கலந்து வருவதால்தான் குழப்பம். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

குழுவின் பெயரிலிருந்தே தொடங்கலாம். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பிறந்த கிறிஸ்டினா ப்ளூஹார் 2000-இல் இதைத் தொடங்கினார். அவர் வாசிக்கும் முக்கியக் கருவி தியோர்போ. லூட் என்ற தந்திக் கருவியின் குடும்பத்தைச் சேர்ந்தது. நிமிர்த்திப் பிடித்தால் ஏறக்குறைய ஆள் உயரம் வரும். நீண்ட கழுத்தில் ஓடும் மந்திரத் தந்திகளை, உங்கள் வீணையின் தாளத் தந்திகளைப்போல, விரல் வைத்து அழுத்தாமல் அப்படியே மீட்டுவார்கள். இந்தக் கருவிக்காகக் கப்ஸ்பெர்கர் என்பவர் 1604-இல் வெனிஸ் நகரில் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் 'தொக்காத்தா ஆர்ப்பெஜ்ஜாத்தா' என்றொரு உருப்படி உண்டு. குழுவின் பெயர் அங்கிருந்து வந்தது.

அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். கோடுகளின் மேல் எண்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எண்கள். ஒவ்வோர் அடுக்கும் ஒரு சுரக்கூட்டு. அதைச் சேர்த்து அடிக்காமல் உதிர்த்து வாசிக்க வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் குறி. எவ்வளவு விரைவாக உதிர்ப்பது, எங்கே தங்குவது, எந்தச் சுரத்தை அழுத்துவது என்பதெல்லாம் வாசிப்பவர் பாடு. காகிதத்தில் வெறும் அடுக்கு. நல்ல கையில் அதுவே தூறல்.

உங்களுக்கு இது புரியாத விஷயமல்ல. சுரம் எழுதிய நோட்டை மட்டும் பார்த்து ஒருவர் தோடி வாசித்தால் என்ன ஆகும்? காந்தாரம் இருக்கும், தோடி இருக்காது. 1904-இல் சுப்பராம தீட்சிதர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை அச்சிட்டபோது கமகங்களுக்கென்று தனிக் குறிகளைக் கையாண்டதும் இந்தக் கவலையால்தான். ஆனால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. நோட்டில் இல்லாததைக் கையால் வாசித்துக் காட்ட ஆசிரியர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். கப்ஸ்பெர்கரின் சீடப் பரம்பரை எப்போதோ அறுந்துவிட்டது. தியோர்போவும் வழக்கொழிந்தது. இருபதாம் நூற்றாண்டில் அதைத் திரும்ப எடுத்தவர்கள் முன் இருந்தவை அச்சுப் புத்தகங்களும், அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கருவிகளும்தான்.

இங்கிலாந்தில் அர்னால்ட் டோல்மெட்ச் பழைய கருவிகளைத் தம் கையாலேயே செய்து, பழைய இசையை வாசிக்கும் முறை பற்றி 1915-இல் ஒரு பெரிய நூல் எழுதினார். வியன்னாவில் நிக்கோலஸ் ஹார்னோன்கூர்ட் 1953-இல் தம் குழுவைத் தொடங்கினார். ஆட்டுக்குடல் தந்தி, அந்தக் கால வில், அந்தக் கால ஸ்ருதி என்று ஒவ்வொன்றாக மீட்டார்கள். இதைத்தான் 'வரலாற்று முறை வாசிப்பு' என்கிறார்கள்.

நீங்கள் கேட்ட மனோதர்மத்துக்கு ஏட்டிலேயே சான்று உண்டு. தியேகோ ஓர்த்திஸ் என்ற ஸ்பானியர் 1553-இல் ரோமில் ஒரு பாடநூல் அச்சிட்டார். கீழே ஒரு சிறிய சுர வரிசை திரும்பத் திரும்ப வர, மேலே வயோல் என்ற வில் கருவியில் எப்படியெல்லாம் கற்பனை செய்யலாம் என்று படிப்படியாக எழுதிக் காட்டும் நூல் அது. அன்றைய இசைக்காரருக்கு எழுதியதை எழுதியபடி வாசிப்பது முதல் பாடம்தான். எழுதாததை அந்த இடத்திலேயே உண்டாக்கத் தெரிந்தால்தான் வித்வான். ஆகவே ப்ளூஹாரின் குழு கற்பனையாக வாசிப்பதில் தவறில்லை. கற்பனை செய்யாமல் விட்டிருந்தால்தான் வரலாற்றுக்கு மாறு.

இனி இரண்டாவது சந்தேகம். சாஸ்திரிய இசை ஒரு பக்கம், நாட்டுப்புற இசை ஒரு பக்கம், நடுவில் ஒரு மதில் என்று எண்ணிக்கொண்டால் இந்தக் கூட்டணி விசித்திரமாகத் தோன்றும். அந்த மதில் பிற்காலத்தது. 'நாட்டுப்புறப் பாடல்' என்பதற்கு ஜெர்மன் மொழியில் ஒரு சொல்லையே ஹெர்டர் என்ற சிந்தனையாளர் 1773-இல்தான் உண்டாக்கினார். அதற்கு முன் எது யாருடைய பாட்டு என்ற கணக்கு இவ்வளவு கறாராக இல்லை.

சக்கோனா என்ற ஆட்டத்தைப் பாருங்கள். கடல் கடந்து அமெரிக்காவிலிருந்து ஸ்பெயினுக்கு வந்தது என்று அன்றைய எழுத்தாளர்களே சொன்ன ஆட்டம் அது. செர்வாந்தெஸ் 1613-இல் வெளியிட்ட ஒரு கதையில், தொலேதோ நகரத்துச் சத்திர வாசலில் வேலைக்காரப் பெண்களும் கோவேறு கழுதை ஓட்டுபவர்களும் சேர்ந்து இதை ஆடுகிறார்கள். 1632-இல் அதே சக்கோனா வெனிஸில் புனித மாற்கு பேராலயத்தின் இசைத் தலைவர் கையில் இருக்கிறது. அந்தத் தலைவரான மொந்தெவெர்தி அதன் அடிச்சுரத்தின் மேல் இரண்டு குரல்களுக்கு 'செஃபிரோ தோர்னா' என்ற பாடலை அமைத்தார். சத்திர வாசலிலிருந்து பேராலய இசைத் தலைவரின் மேசைக்கு வர அந்த ஆட்டத்துக்கு அதிக வருடம் ஆகவில்லை. இசையமைப்பாளர் ஜே. எஸ். பாக்கும் விலக்கல்ல. 1741-இல் அச்சான கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸின் கடைசி வேரியேஷனில், முட்டைக்கோசையும் கிழங்கையும் பற்றிய ஒரு வீட்டுப் பாட்டை நுழைத்திருக்கிறார். அதன் மெட்டு பெர்கமாஸ்கா என்ற இத்தாலியக் கிராமத்து ஆட்டத்தினுடையது.

நாட்டுப்புறக் கலைஞர்களை அழைக்க இதைவிட நேரான காரணம் ஒன்று இருக்கிறது. ஏடு சொல்லாததை அவர்கள் கை சொல்லக்கூடும்.

கிதாரை எடுத்துக்கொள்வோம். இத்தாலியில் மொந்தெசார்தோ 1606-இல் அச்சிட்ட புத்தகத்தில் கிதார் வாசிப்பை எழுத ஓர் எளிய முறை இருக்கிறது. ஒவ்வொரு விரல் பிடிக்கும் ஓர் எழுத்து. இங்கே ஓர் எச்சரிக்கை: அதில் ஏ என்ற எழுத்து இன்றைய ஏ கார்டு அல்ல, ஜி மேஜர்; பி என்பது சி மேஜர். அவை வெறும் பிடிகளின் வரிசைப் பெயர்கள். எழுத்துகளோடு ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே சின்னத் தீற்றல் இருந்தால் கையைக் கீழ்நோக்கி வீசு, மேலே இருந்தால் மேல்நோக்கி வீசு. அவ்வளவுதான். அந்த வீச்சு மணிக்கட்டிலிருந்து வருகிறதா, விரல்கள் ஒவ்வொன்றாக விரிகின்றனவா, எந்த வீச்சில் அழுத்தம் என்பதெல்லாம் பக்கத்தில் ஏறவில்லை.

இப்போது மெக்சிகோவின் வெராக்ரூஸ் கரைக்குப் போவோம். அங்கே 'சோன் ஹரோச்சோ' என்றொரு கிராமிய இசை இன்றும் உயிரோடிருக்கிறது. அதன் முக்கியக் கருவி ஹரானா: பெரும்பாலும் எட்டுத் தந்திகள், சேர்த்து மீட்டும் ஐந்து கட்டுகளாக. பழைய ஸ்பானிய கிதாருக்கும் ஐந்து கட்டுகள்தான். ஐரோப்பா தன் ஐந்து கட்டு கிதாரைக் கைவிட்டு ஆறு தந்திக்கு மாறியது. கடலுக்கு அப்பால் போன உறவினர் பழைய வழக்கத்தை விடவில்லை. விழா இரவில் ஒரு மரப் பலகை மேடையைப் போட்டு, ஆடுபவர்கள் அதன்மேல் காலால் தாளம் தட்ட, சுற்றிலும் ஹரானாக்கள் வீச்சில் வாசிக்கும்.

1943-இல் கப்ரியேல் சல்தீவர் என்ற மெக்சிகோ ஆய்வாளர், ஸ்பானிய கிதார் கலைஞர் சந்தியாகோ தெ முர்சியாவின் பதினெட்டாம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றை மெக்சிகோவிலேயே கண்டெடுத்தார். ஸ்பானிய ஆட்டங்களோடு ஆப்பிரிக்கச் சாயல் கொண்ட பெயருள்ள ஆட்டங்களும் அதில் உண்டு. தெம்பெம்பே என்ற மெக்சிகோ குழு இந்த ஏட்டையும் ஹரானாக்காரர் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கிறது. கத்தலோனியாவின் ஜோர்டி சவாள், 1974-இல் துணைவி மொன்செராத் ஃபிகேராஸுடனும் நண்பர்களுடனும் ஹெஸ்பேரியோன் என்ற குழுவைத் தொடங்கியவர், தெம்பெம்பேயைச் சேர்த்துக்கொண்டு 2010-இல் 'ஃபோலியாஸ் கிரியோயாஸ்' தொகுப்பைக் கொண்டுவந்தார். ஏட்டின் இடைவெளியை வாழும் கை நிரப்புவது எப்படி என்று அதில் தெளிவாகக் கேட்கலாம்.

இவ்வளவு நல்லதையும் சொன்ன பிறகு, உங்கள் சந்தேகத்தின் நியாயமான பாதிக்கு வருகிறேன். கிராமத்தில் இருப்பதெல்லாம் மாறாமல் இருக்கிறது என்று நினைப்பது பெரிய மயக்கம். நீங்கள் கேட்ட தாரந்தெல்லாவே அதற்கு நல்ல சாட்சி.

இத்தாலி வரைபடத்தில் காலணியின் குதிகாலாக இருக்கும் பூலியாப் பகுதியில், தாரந்தா என்ற சிலந்தி கடித்தால் ஆடித்தான் விஷத்தை இறக்க வேண்டும் என்ற நம்பிக்கை நூற்றாண்டுகளாக இருந்தது. தாரந்தோ என்ற ஊரிலிருந்து வந்த பெயர். அத்தனாசியுஸ் கிர்ஷர் என்ற ஏசுசபைத் துறவி 1641-இல் ரோமில் வெளியிட்ட காந்தவியல் நூலில் இந்த வைத்தியத்தை விவரித்து, சிலந்தி விஷத்துக்கு மாற்று என்று மெட்டையே சுரத்தோடு அச்சிட்டார். ப்ளூஹார் 2002-இல் கொண்டுவந்த தொகுப்பின் வேர் அங்கே இருக்கிறது. ஆகவே மெட்டு ஏட்டில் உள்ளது, சந்தேகமில்லை.

அந்தச் சடங்கை நேரில் பார்க்க 1959 கோடையில் எர்னெஸ்தோ தெ மார்த்தினோ என்ற ஆய்வாளர் ஒரு குழுவோடு அதே பூலியாவிலுள்ள சலெந்தோவுக்குப் போனார். மனநல மருத்துவர் ஒருவரும், நாட்டுப்புற இசை ஆய்வாளர் தியேகோ கார்ப்பிதெல்லாவும் உடன் சென்றார்கள். வீட்டின் தரையில் வெள்ளைத் துணி விரித்திருக்கும். பாதிக்கப்பட்ட பெண் அதன்மேல் படுத்திருப்பாள். சுற்றிலும் வண்ண நாடாக்கள். வாத்தியக்காரர்கள் ஒரு மெட்டை எடுப்பார்கள். உடல் அசையாவிட்டால் இன்னொன்று, பிறகு இன்னொன்று. எந்த மெட்டுக்கு அவள் எழுந்து ஆடுகிறாளோ அதுதான் அவளுடைய சிலந்தியின் மெட்டு. மணிக்கணக்கில் அதையே வாசிக்க வேண்டும். ஜூன் 29-இல் கலத்தினா ஊரிலுள்ள புனித பவுல் சிற்றாலயத்துக்குப் போய்க் குணமானதற்கு நன்றி சொல்வார்கள். பெரும்பாலோர் பெண்கள்; பலருக்கு வருடந்தோறும் அதே பருவத்தில் திரும்ப வந்தது. கடியை வைத்து மட்டும் இதை விளக்க முடியாது என்று தெ மார்த்தினோ கண்டார். சொல்ல வழியில்லாத துயரம் சிலந்தியின் பெயரில் வெளிவருகிறது என்று 1961-இல் எழுதினார்.

அந்த வீடுகளுக்கு வாசிக்கப் போனவர்களில் பெயர்பெற்றவர் லுயிஜி ஸ்தீஃபனி. நர்தோ ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர், வயலின் வாசிப்பவர். அவருடைய செட்டைக் கவனியுங்கள்: வயலின், கிதார், உங்களுக்குக் கஞ்சிராவாகக் கேட்ட தம்புரெல்லோ, ஆர்கனெத்தோ என்ற சிறிய அக்கார்டியன். தம்புரெல்லோ தொன்மையானது, கஞ்சிராவுக்கு ஒன்றுவிட்ட உறவு, வளையத்தைச் சுற்றிலும் சிலம்புத் தகடுகள் கூடுதல். ஆனால் அக்கார்டியன்? வியன்னாவில் 1829-இல் காப்புரிமை பெற்ற கருவி அது. நீங்கள் ஆச்சரியக்குறி போட்ட கிளாரினெட் நியூரம்பெர்க் நகரில் 1700-ஐ ஒட்டியே உருவாகிவிட்டது. பழமையின் உச்சம் என்று நாம் நினைக்கும் சிலந்திச் சடங்கில் இருந்த பெட்டி, கிளாரினெட்டைவிட நூறு வருடத்துக்கு மேல் இளையது!

ஸ்தீஃபனியை யாரும் குறை சொல்ல முடியாது. அவர் வரலாற்றைக் காட்ட வாசிக்கவில்லை, ஒரு பெண் எழுந்து நிற்க வாசித்தார். கைக்குப் பயன்பட்டதை எடுத்துக்கொண்டார். கிராமிய இசை வாழும் விதமே அதுதான். சிக்கல் நம்முடையது. 1959-இல் கேட்டதை 1641-இன் ஒலி என்று எடுத்துக்கொண்டால் ஏமாறுகிறோம். அதற்குப் பிறகும் அது நிற்கவில்லை. சடங்கு மங்கியது, அதன் இசை மேடைக்கு வந்தது. 1998 முதல் மெல்பிஞ்ஞானோவில் நடக்கும் 'தாரந்தா இரவு' விழாவில் இன்று பெருங்கூட்டம் ஆடுகிறது. 'லா தாரந்தெல்லா'விலேயே பாருங்கள்: பாடும் லுச்சில்லா கலெயாத்சி நடு இத்தாலியின் உம்பிரியாக்காரர், தம்புரெல்லோ வாசிக்கும் அல்ஃபியோ அந்தீக்கோ சிசிலியில் ஆடு மேய்த்து வளர்ந்தவர். மெட்டு ஓர் ஊர், குரல் ஓர் ஊர், கை இன்னோர் ஊர். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் சலெந்தோ வீட்டில் ஒலித்தது அப்படியே இதுதான் என்று யாரும் சாதிக்க முடியாது.

அதனால்தான் கிளாரினெட் விஷயத்தில் உங்களிடமிருந்து மாறுபடுகிறேன். 2004-இல் வந்த இதே குழுவின் 'ஆல் இம்ப்ரொவ்வீசோ' தொகுப்பில் ஜாஸ் கலைஞர் ஜான்லுயிஜி திரொவேசி பதினேழாம் நூற்றாண்டு அடிச்சுரங்களின் மேல் கிளாரினெட் வாசிக்கிறார். அந்த ஒலி அந்தக் காலத்தது என்று யாரும் நம்பப்போவதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரும் விருந்தாளி மாதிரி, தான் வெளியாள் என்று சொல்லிவிட்டே உள்ளே வருகிறது. கிளாரினெட் பொய் சொல்லாது. ஏமாற்றக்கூடியது, பழசாக ஒலிக்கும் கரகரத்த குரலும் தோல் கருவியும்தான். கேட்டதும் தொன்மை என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. எந்த ஏடு, எந்த ஊர் என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

இசை வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் தாருஸ்கின் இதையே இன்னும் காரமாகச் சொன்னார். அந்தக் காலத்தில் வாசித்தபடி என்று நாம் கொண்டாடுவது பெரும்பாலும் இந்தக் காலத்து ரசனைதான் என்பது அவர் வாதம். அந்தக் கட்டுரைகள் 1995-இல் நூலாக வந்தன. எனக்கு அவரோடு பெரும்பாலும் உடன்பாடு. ஆனால் அதனால் இந்தக் குழுக்களின் உழைப்பு வீணாகிவிடாது. எது கிடைத்தது, எது ஊகம், எது தங்கள் ஆசை என்று பிரித்துச் சொல்லும் குழுவை நம்பலாம். மூன்றையும் குழைத்து, தொன்மை என்று முத்திரை குத்தி விற்றால் எச்சரிக்கையாக இருங்கள்.

மூன்றாவது கேள்விக்கு, வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு பயிற்சி. முதல் நாள் மொந்தெவெர்தியின் 'செஃபிரோ தோர்னா'வைக் கேளுங்கள். பாடுபவர்களை விட்டுவிட்டு அடியில் ஓடும் குட்டிச் சுர வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டு, அது திரும்பும்போதெல்லாம் தொடையில் ஒரு தட்டு. பல்லவி வரி திரும்ப வருவதைக் கணக்கு வைத்துப் பழகிய உங்களுக்கு இது ஐந்து நிமிடத்தில் வசப்படும். அடுத்து கப்ஸ்பெர்கரின் அந்தத் தொக்காத்தாவை இரண்டு வெவ்வேறு கலைஞர்கள் வாசித்துக் கேளுங்கள். ஒரே அடுக்கு எப்படி இரண்டு விதமாக உதிர்கிறது என்று தெரியும். பிறகு 'ஃபோலியாஸ் கிரியோயாஸ்'. கடைசியாக மறுபடி 'லா தாரந்தெல்லா'. தொகுப்போடு வரும் சிறு புத்தகத்தைப் படியுங்கள். மெட்டு எந்த நூலிலிருந்து வந்தது, பாடுபவர் எந்த ஊர் என்ற விவரம் பெரும்பாலும் அங்கே கிடைக்கும்.

ஒரு சின்னக் குறிப்பு. ஸ்ருதிப் பெட்டி வைத்துப் பார்க்காதீர்கள், குழம்பும். இன்று உலகம் ஏ சுரத்தை 440 அதிர்வில் வைக்கிறது. பழைய இசைக் குழுக்கள் பல அதை 415-இல், அரைச் சுரம் குறைத்து வைக்கின்றன. கருவிகளைச் சேர்க்கும் முறையும் பியானோவினுடையது அல்ல. பதினேழாம் நூற்றாண்டு முறைகள் சிலவற்றில் காந்தாரம் பியானோவைவிடச் சற்றுத் தாழ்ந்து, தம்புராவில் தானாகப் பிறக்கும் அந்தர காந்தாரத்தோடு ஒட்டி நிற்கும். உங்கள் காதுக்கு இந்த இசை ஏதோ சொந்தமாகப் பட்டிருந்தால் அதில் ஒரு பங்கு திருவிழாவுக்கு. இன்னொரு பங்கு அந்தக் காந்தாரத்துக்கு.